ஸ்பினெல்லி எதிர் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு

ஸ்பினெல்லி எதிர் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு என்பது விளையாட்டு ஒளிப்படங்களின் பதிப்புரிமை, அவற்றை எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய ஊதியம் ஆகியவை தொடர்பாக ஐக்கிய அமெரிக்காவில் நடந்த வழக்கு ஆகும். எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாத ஏழு ஒளிப்படக் கலைஞர்கள் 2013 அக்டோபரில் நியூ யார்க்கிலுள்ள நடுவண் மாவட்ட நீதிமன்றத்தில் இவ்வழக்கைத் தொடுத்தனர். அமெரிக்கக் காற்பந்தின் முதன்மைத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு (என்.எஃப்.எல்.), அதன் அணிகள், அசோசியேட்டட் பிரஸ், கெட்டி இமேஜஸ் ஆகியவை எதிர்த்தரப்பில் இருந்தன.

பின்னணி

1976 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர் ஆவார். ஊழியர் தம் பணியின் பகுதியாக எடுக்கும் படம் நிறுவனத்துக்கு உரியது. ஒப்பந்தக் கலைஞர் எடுக்கும் படம் பொதுவாக அவருக்கே உரியது. அவ்வுரிமையை மாற்றிக் கொடுக்க அவர் கையொப்பமிட்ட ஆவணம் தேவை. வழக்குத் தொடுத்தவர்கள் சம்பளமோ பயணச் செலவோ பெறாமல் போட்டிகளைப் படமெடுத்தனர். படங்கள் விற்பனையானால் கிடைக்கும் ராயல்டியே அவர்களது வருமானம்.

எனினும் இப்படங்களை அவர்கள் விரும்பியவாறு விற்க இயலாது. வீரர்களின் உடையிலும் தலைக்கவசத்திலும் உள்ள அணிச் சின்னங்கள் பதிவு பெற்ற வணிகச் சின்னங்கள் ஆகும். செய்திப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. விளம்பரம் முதலிய வணிகப் பயன்பாட்டுக்குக் கூட்டிணைவின் ஒப்புதல் வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு இப்படங்களை உரிமம் அளிக்கும் தனியுரிமையைக் கூட்டிணைவு ஒரே நிறுவனத்துக்கு வழங்கியது. 2009 வரை கெட்டி இமேஜஸும் பின்னர் அசோசியேட்டட் பிரஸும் இதைப் பெற்றன. எனவே கலைஞர்கள் அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

குற்றச்சாட்டு

தங்கள் படங்கள் ஆயிரக்கணக்கானவற்றை எவ்வித ராயல்டியும் இன்றிப் பயன்படுத்த அசோசியேட்டட் பிரஸ் கூட்டிணைவுக்கு இடமளித்தது எனவும், இது பதிப்புரிமை மீறல், ஒப்பந்த மீறல் எனவும் கலைஞர்கள் வாதிட்டனர். தனியுரிமை ஏற்பாடு வணிகப் போட்டியை ஒழிக்கிறது என்பது அவர்களது மற்றொரு வாதம்.

தீர்ப்பு

மாவட்ட நீதிமன்றம் 2015 இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2018 செப்டம்பர் 11 அன்று இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை மாற்றியது. கலைஞர்களின் ஒப்பந்தம் இலவச உரிமம் வழங்க அனுமதித்தது என்று தொடக்க நிலையிலேயே முடிவுசெய்ய இயலாது என்றும், முன்னர் நடந்த பயன்பாட்டைப் பின்னர் செய்த ஒப்பந்தத்தால் முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்க இயலாது என்றும் அது கூறியது. கூட்டிணைவு, அசோசியேட்டட் பிரஸ் ஆகியவற்றின் மீதான பதிப்புரிமைக் கோரிக்கைகள் மீண்டும் உயிர் பெற்றன. வணிகப் போட்டி தொடர்பான கோரிக்கைகள் தள்ளுபடியானது சரியே எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இது விசாரணையைத் தொடர அனுமதித்த தீர்ப்பே அன்றி இழப்பீடு வழங்கிய தீர்ப்பு அன்று.

முக்கியத்துவம்

பதிப்புரிமை கலைஞரிடம் இருப்பது மட்டுமே ஊதியத்தை உறுதிசெய்யாது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. விற்பனைக்கு ஒரே வாயில் இருக்கும்போது, யாருக்கு இலவசமாக வழங்கலாம், ராயல்டி எப்போது சேரும் என்பவற்றை வரையறுக்கும் ஒப்பந்த வரிகளே வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.