டீ ட்ரீ எண்ணெய்

டீ ட்ரீ எண்ணெய், ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா மரத்தின் இலைகளையும் சிறுகிளைகளையும் நீராவியில் வடித்து எடுக்கப்படும் நறுமண எண்ணெய். தேயிலைச் செடிக்கும் இம்மரத்துக்கும் உறவில்லை. நாவல், கொய்யா, தைல மரம் ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. எண்ணெய் வெளிர் மஞ்சளாக, கற்பூர நெடியுடன் இருக்கும். பச்சைத் தழையின் எடையில் 1 முதல் 2 விழுக்காடுதான் எண்ணெயாகக் கிடைக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகரையோரச் சதுப்பு நிலங்களே இம்மரத்தின் தாயகம். அங்கு வாழும் பண்ட்ஜலுங் பழங்குடியினர் இலையைக் கசக்கிப் புண்ணில் வைத்துக் கட்டினர். சளிக்கு அதை முகர்ந்தனர். இந்த எண்ணெயைக் கண்டறிந்தவர் என்று சிட்னி தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டைக் குறிப்பிடுவது வழக்கம். உண்மையில் அவர் செய்தது அளந்து காட்டியதே. மரத்தின் குணத்தை முதலில் அறிந்தவர்கள் பண்ட்ஜலுங் மக்கள். 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய கார்பாலிக் அமிலம்தான் அக்காலக் கிருமிக்கொல்லிகளுக்கு அளவுகோல். இந்த எண்ணெய் அதைவிட 11 மடங்கு வலிமையானது என்று 1920களில் பென்ஃபோல்டு அறிவித்தார். கார்பாலிக் அமிலம் தோலைப் பொசுக்கும் என்பதால், இந்தச் செய்தி மருத்துவர்களை ஈர்த்தது. சீழைக் கரைத்து, புண்ணின் மேற்பரப்பை இந்த எண்ணெய் சுத்தமாக்குவதாக 1930இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் குறிப்பு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெனிசிலின் பரவியதும் இந்த எண்ணெயின் உற்பத்தி சரிந்தது. 1970களில்தான் மீண்டும் கவனம் திரும்பியது.

எண்ணெயின் முக்கியக் கூறு டெர்பினென்-4-ஆல். இது பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஆன்டிபயாடிக்குகளின் வழி வேறு: பெனிசிலின் செல் சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மூக்கிலும் தோலிலும் தடவும் முபிரோசின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. புண்ணில் சீழ் பிடிக்கக் காரணமான ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆய்வகத்தில் ஏறக்குறைய 0.5 முதல் 1.25 விழுக்காடு எண்ணெய்க்கே அடங்குகிறது. தீப்புண்ணிலும் ஆறாப் புண்ணிலும் குடியேறும் சூடோமோனாஸ் எருஜினோசாவுக்கோ 8 விழுக்காடு வரைகூடத் தேவைப்படுகிறது. அதன் வெளிச்சவ்வும், நுழைந்ததை வெளியேற்றும் புரதங்களும் அதைக் காக்கின்றன.

மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸைச் சுமந்திருந்த நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. வழக்கமான மருந்துகளால் 49 விழுக்காட்டினரிடமும் டீ ட்ரீயால் 41 விழுக்காட்டினரிடமும் கிருமி நீங்கியது. மூக்கில், வழக்கமான மருந்துகளில் ஒன்றான முபிரோசினே மேலோங்கியது. தோலிலும் மேலோட்டமான புண்ணிலும் டீ ட்ரீ மேலாக இருந்தது.

இன்று இது பெரும்பாலும் முகப்பரு களிம்பு, ஷாம்பு போன்றவற்றில் சேர்க்கப்படுகிறது. காற்றுப்பட்டுப் பழையதான எண்ணெய் தோலில் ஒவ்வாமை தரும், குடித்தால் நஞ்சு. ஆழமான புண்ணிலும், காய்ச்சலோடு பரவும் தொற்றிலும் ஆன்டிபயாடிக்குக்கு இது மாற்றாகாது.