முரசுக்குள் ஒளிந்த சேனை

தமிழ்ப் படம் 1931-ல் பேசத் தொடங்கியது என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் குறிப்பிட்டாலும், அதன் பிறகு வெகுகாலம் வரையில் அது பேசியதைவிடப் பாடியதே அதிகம். பாடத் தெரிந்தவரே கதாநாயகர். வாள் பிடிக்கத் தெரியுமா, குதிரை ஏறத் தெரியுமா என்பதெல்லாம் பிற்பாடுதான். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-ல் வெளியாகிச் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், ஜனங்கள் திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கியது பெரும்பாலும் அந்தச் சாரீரத்துக்காகவே. அக்காலத்துப் படங்களில், கதாநாயகியைத் தூக்கிச் செல்ல வந்த கள்வர்கூட, அவள் பாடி முடிக்கும் வரையில் மரியாதையாகக் காத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பாகவதர், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் சிறைப்பட்டிருந்த காலத்தில், ஜெமினி ஸ்டூடியோவில் 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ். எஸ். வாசன், வருஷக்கணக்காகப் பணத்தையும் உழைப்பையும் கொட்டி ஒரு படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தார். முதலில் இயக்கிய ஆச்சார்யா இடையில் விலகிக்கொள்ள, வாசனே அப்பொறுப்பையும் ஏற்று முடித்த 'சந்திரலேகா', 1948 ஏப்ரல் 9-ஆம் தேதி வெளிவந்தது. ராஜ்யத்துக்கும் ஒரு நாட்டியக்காரிக்கும் போட்டியிடும் இரண்டு ராஜகுமாரர்கள் என்ற கதையில் புதுமை ஒன்றும் இல்லை. எம். கே. ராதா நல்ல அண்ணன், ரஞ்சன் கெட்ட தம்பி, டி. ஆர். ராஜகுமாரி நாயகி, இவர்களோடு யானைகளும் கோமாளிகளுமாக ஒரு சர்க்கஸ்.

புதுமை சங்கீதத்தில் இருந்தது. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய பாட்டுக்களுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைக்க, எம். டி. பார்த்தசாரதி பின்னணி வாத்தியங்களைக் கவனித்துக்கொள்ள, கர்நாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும் மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. தனியே எடுத்துக் கேட்டால் அப்பாட்டுக்களில் பெரும்பாலானவை மனத்தில் தங்குவதில்லை என்பதே என் அபிப்பிராயம், தங்குவது முரசுதான்.

தம்பியை மணக்கச் சம்மதிப்பதாகப் பாசாங்கு செய்யும் சந்திரலேகா, அதற்கு முன் முரசு நடனம் ஒன்று நடக்க வேண்டுமென்கிறாள். அரண்மனை முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட முரசுகள் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். தாளம் படிப்படியாக வேகம் கொள்கிறது. கொட்டு ஓய்ந்த மறுகணம் முரசுகள் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் உருவிய வாளோடு வெளியே பாய்கிறார்கள். கதையை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்ட காலம் போய், பாட்டே கதையின் சூழ்ச்சியாக அமைந்தது இங்கேதான். அதைத் தொடர்ந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் நிகழும் வாட்போரோ, இந்தியப் படங்களிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று என்று இன்றும் பேசப்படுகிறது. ரஞ்சன் கத்திச் சண்டையில் மெய்யாகவே பயிற்சி பெற்றிருந்தது அக்காட்சியில் நன்றாகத் தெரிகிறது.

அவ்வருஷ இறுதியில் ஹிந்தியிலும் வெளியான இப்படம் வடநாட்டிலும் வெற்றி கண்டது. முரசுக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. தமிழிலோ அதன் பாடத்தை அடுத்து வந்தவர்கள் சிக்கனமாகவே கற்றுக்கொண்டார்கள். 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில், மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடும் எண்ணத்தோடு அழைத்துச் செல்கிறான் வில்லன், ஜி. ராமநாதனின் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த வழிநடைப் பாட்டு, கேட்பதற்குக் காதல் பாட்டாகவே இருக்கிறது. நூறு முரசுகளுக்கு அங்கே அவசியம் நேரவில்லை.