இஸ்மவேல்

தமிழ் விவிலியத்தில் இஸ்மவேல், முஸ்லிம் வீடுகளில் இஸ்மாயில். பெயர் ஒன்றுதான். எபிரேயத்தில் ‘ஷாமா’ என்றால் கேட்டல், ‘ஏல்’ என்றால் கடவுள். ‘கடவுள் கேட்கிறார்’ என்பது பொருள்.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் இந்தப் பெயர் ஓர் அடிமைப் பெண்ணிடம் சொல்லப்படுகிறது. எகிப்தைச் சேர்ந்த ஆகார் அவள். கர்ப்பிணி. எஜமானி சாராயின் கொடுமை தாளாமல் ஓடிவந்து வனாந்தரத்தில் நீரூற்றருகே இருக்கிறாள். அவள் வேண்டிக்கொண்டாள் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் பிறக்கப்போகும் மகனுக்கு இஸ்மவேல் என்று பெயரிடச் சொல்கிறான் தேவதூதன். அவள் துயரத்தைக் கர்த்தர் கேட்டாராம், அதுதான் காரணம். எபிரேய மூலத்தில் ‘கேட்டார்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் துயரம். குரலாக மாறாத துயரமும் அவர் காதில் விழுகிறது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

21-ஆம் அதிகாரத்தில், மகனோடு வனாந்தரத்தில் அலையும் ஆகாரின் துருத்தித் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையைச் செடியடியில் விட்டுவிட்டுத் தாய் தள்ளி உட்கார்ந்து அழுகிறாள். அங்கே கடவுள் கேட்டது பிள்ளையின் குரலை. பெயர் பலித்த இடம் அது.

யாக்கோபின் மகன் சிமியோனின் பெயரும், யூதர்களின் ‘ஷெமா’ ஜெபமும் இதே வேரில் பிறந்தவை. அரபியில் இறைவனுக்குரிய ‘அஸ்ஸமீஉ’, அதாவது செவியேற்பவன், என்ற பெயரும் இதன் உறவுதான்.

நம் ‘கேள்’ என்ற சொல்லும் சும்மா இல்லை. செவிமடுத்தல், வேண்டுதல் இரண்டையும் அதுவே குறிக்கிறது. சங்கத் தமிழில் ‘கேள்’ என்றால் உறவு என்றும் பொருள்.

துயரத்தில் ஜெபிக்கச் சொல் வராதவர்கள் ஆகாரின் கதையை ஒருமுறை வாசியுங்கள்.