கம்பி போன வழி

எங்க நைனா இருபது வருசத்துக்கு மேல டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டினாரு. துறை ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். எங்க காலனியிலிருந்து பதினோரு பேர் போவார்கள். கடப்பாரை, மண்வெட்டி, கூடை, ஆளுக்கொரு தூக்குச்சட்டி. நான் ஆபீஸ் கட்டடங்களில் ஒயரிங் வேலை செய்கிறேன். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் மறைந்துபோன டெலிபோன் கம்பியை டோன் போட்டுத் தேடுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அவர் புதைத்தார், நான் தேடுகிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

தேடுகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கையடக்கமான ஒரு பெட்டி, உள்ளே பேட்டரி, வெளியே இரண்டு கிளிப். ஒரு முனையில் கம்பி ஜோடியில் கிளிப்பை மாட்டினால் காதுக்குக் கேட்கிற அளவு அலைவுள்ள மின்சாரம் கம்பியில் ஓடும். மறுமுனையில் பேனா மாதிரி ஒரு புரோபு. அதன் நுனியைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், மேல்தோலைச் சீவ வேண்டியதில்லை, உள்ளே சில்வண்டு மாதிரி கத்தும். ஐம்பது ஜோடி இருக்கிற கட்டில் பக்கத்துக் கம்பிகளும் கொஞ்சம் கொஞ்சம் கத்தும். சத்தம் அதிகமாக இருப்பதுதான் நம்முடையது என்று நம்பி அறுத்தால் மாட்டிக்கொள்வோம். அந்த ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்க்கணும். சத்தம் செத்துப்போனால் அதுதான் சரியான ஜோடி. இது தெரியாத காலத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் லைனை அறுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மண்ணுக்கு அடியில் தேடுவது வேறு. கேபிள் ஒரு மீட்டர் ஆழத்தில் மணல் படுக்கையில் கிடக்கும். மேலே எச்சரிக்கைக்குச் செங்கல் அடுக்கியிருக்கும். டோனை ஜோடியின் இரண்டு கம்பியிலும் போட்டால், ஒன்றில் போவதும் மற்றதில் வருவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மேலே ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு கிளிப்பைக் கம்பியிலும் இன்னொன்றை மண்ணில் அடித்த கம்பியிலும் மாட்டுவார்கள். கருவிக்காரர் ஒரு சுருளைக் கையில் பிடித்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ரோட்டின் மேல் நடப்பார். சுருளை நேராக நிறுத்திப் பிடித்தால் கேபிளுக்கு நேர்மேலே சத்தம் அடங்கும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தால் திரும்ப ஏறும். ஆழம் வேண்டுமானால் சுருளை அரைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரணும். எங்கே மறுபடி அடங்குகிறதோ அதுவரைக்கும் உள்ள தூரம்தான் ஆழம். அழகான கணக்கு. ஆனால் பக்கத்தில் தண்ணி பைப் ஓடினால் டோன் அதில் ஏறிக்கொள்ளும். அப்போது நீங்கள் பைப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

1988இல் அப்படித்தான் ஆனது. ஈயத்தோல் போட்ட பழைய கேபிள், உள்ளே கம்பிக்குக் காகித உறை. தோலில் ஓட்டை விழுந்து ஈரம் போனால் காகிதம் நனைந்து தெருவே ஊமையாகிவிடும். கருவியோடு வந்தவர் சாதிக்காரர், வயசானவர். அவர் காட்டிய இடத்தில் வெட்டினார்கள், பைப். இன்னொரு இடம் காட்டினார், மறுபடி பைப். நைனா சொல்லியிருக்காரு, "சாமி, கம்பி இங்க இல்ல. அந்தாண்ட, புளியமரத்தச் சுத்திக்கினு போவுது." ஆறு வருசத்துக்கு முன் அந்தக் குழியை வெட்டினதே அவர்தான். வேர் குறுக்கே வந்ததால் மரத்தைச் சுற்றி வளைத்தது அவருக்கு ஞாபகம். ஆபீஸ் படத்தில் நேர்கோடுதான் இருந்தது. "நீ என்னா காதுல மாட்டிக் கேட்டியா?" என்றாராம் அவர். "குடுங்க சாமி, கேட்டுச் சொல்றேன்" என்று நைனா கையை நீட்டியிருக்காரு.

அவர் கொடுக்கவில்லை. மூன்றாவது குழியைப் புளியமரத்தண்டை வெட்டினார்கள், செங்கல் வந்தது. கான்ட்ராக்டர் அன்றைக்கு ஒரு குழிக்குத்தான் கூலி கொடுத்தார். கேபிள் கிடைக்காத குழி குழியில்லையாம்.

சாயங்காலம் கருவிக்காரர் டீ குடிக்கப் போனபோது, கூட வந்திருந்த சின்னப் பையன் ஒருத்தன் ஹெட்போனை எடுத்து நைனா காதில் மாட்டிவிட்டிருக்கான். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஜெல்லி கேபிள் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து ஹெட்போனின் இரண்டு பக்கமும் துடைத்தார். மறுநாள் காதுப் பஞ்சு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர்பேண்டு போட்டிருந்தது. டம்ளரில், கிணற்றில், கோயிலில் தீட்டு பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஹெட்போனில் தீட்டு இருந்ததை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. "இன்னா நைனா கேட்டுச்சி?" என்று நான் கேட்டதற்கு, "சில்வண்டுதான்டா. வேற ஒண்ணும் இல்ல. அதுக்கா இவ்ளோ பவுசு!" என்றார்.

இந்தக் கருவியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது ஒரு சம்பவம் கிடைத்தது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தங்கிய குண்டைத் தேட, டெலிபோனுக்குப் பேர்போன கிரகாம் பெல் கம்பிச்சுருளும் டெலிபோன் காதும் சேர்த்து ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு கிடைக்கவில்லை. மெத்தையில் இரும்புச் சுருள் இருந்தது ஒரு காரணம். தலைமை மருத்துவர் வலதுபக்கம் மட்டுமே தேட விட்டது இன்னொன்று. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்த பிறகு அறுத்துப் பார்த்ததில் குண்டு இடதுபக்கம் இருந்தது. பெரிய மனுசன் சொன்ன பக்கத்தில்தான் தேடணும் என்கிற வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

நம் நாட்டுக் கதை அதற்கும் முந்தியது. 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. செய்தவர் ஓஷானசி என்ற வெள்ளைக்கார டாக்டர். அந்த லைனில் ஒரு பகுதி மண்ணுக்கடியில் போனது. அவருக்கு உதவியாக இருந்த சிப்சந்தர் நந்தியின் பேர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். வெட்டினவர்கள் பேரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. 1882 ஜனவரி 28இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். அதைப் பற்றியும் கம்பெனி பேர், துரை பேர் எல்லாம் கிடைக்கிறது.

1987 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தபால் தந்தித் துறைத் தினக்கூலிகளின் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு கொடுத்தது. நிரந்தர ஊழியரின் குறைந்தபட்சச் சம்பள விகிதத்தில் கூலி தரணும், ஒரு வருசத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவர்களை எடுத்துக்கொள்ளத் திட்டம் போடணும் என்றது. 1989 அக்டோபர் முதல் அந்தத் திட்டம் வந்தது. போராடி வாங்கின உரிமை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மஸ்டர் ரோலில் பேர் இருக்கணும். எங்க காலனி பதினோரு பேரும் கான்ட்ராக்டரின் நோட்டில் 'ஆள் 11' என்றுதான் இருந்தார்கள். எண்ணிக்கைக்கு யார் வேலை தருவது?

இப்போது தெருவெல்லாம் கண்ணாடி இழை. அதில் செம்பு கிடையாது. கூடவே உலோகப் பட்டையோ கம்பியோ ஓடினால் ஒழிய டோன் போட வழியில்லை. பழைய செம்பு கேபிளில் பெரும்பகுதி பேச்சற்றுக் கிடக்கிறது. நைனா 2009இல் செத்துப்போனாரு. புளியமரம் ரோடு அகலப்படுத்தினதில் போய்விட்டது. என் கையிலிருக்கிற புரோபுக்கு ஒரு மீட்டர் ஆழம் கேட்காது.

போன மாசம் அந்தப் பதினோரு பேரில் மிச்சமிருக்கிற மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். ஒருத்தருக்குக் கண் தெரியாது, காலால் தேய்த்துப் பார்த்துத்தான் சொன்னார். எங்கே பாறை வந்தது, எங்கே சாக்கடை குறுக்கிட்டது, எந்த வீட்டுக்காரர் தண்ணி தராமல் விரட்டினார், எல்லாம் சொன்னார்கள். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மேலே பதினோரு பேரையும் எழுதியிருக்கிறேன், இரண்டு பேருக்குப் பட்டப்பேர்தான் ஞாபகம் வந்தது. ஜாயிண்ட் போட்ட இடம் ரேஷன் கடைக்கு முன்னாலா பின்னாலா என்று பெரியவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன்.