முதியோர் நீர்க்கடுப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் நோயை எவ்வாறு அறிந்துகொண்டான் என்பதும் வரலாற்றின் ஒரு கூறேயாம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய நமது கரையோர ஊர்களில் முதியோரை வருத்தும் நீர்க்கடுப்பு இதனை நன்கு விளக்கும்.

முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் இப்பகுதிக்கு யூனானி, சித்தம் என்னும் இரு மருத்துவ மரபுகளும் உரியன. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் இவ்விரண்டையும் ஏற்றுள்ளது. யூனானியின் பேராசான் இப்னு சீனா (980–1037) சிறுநீரின் நிறம், தெளிவு, மணம், வண்டல் ஆகியவற்றைக் கொண்டு நோயைக் கணிக்கும் முறையைத் தமது ‘அல்கானூன்’ நூலில் வகுத்துரைத்தார். சித்த மரபோ நீர்க்குறி, நெய்க்குறி என இரு தேர்வுகளைக் கண்டது. எண்ணெய்த்துளி சிறுநீரின் மேல் பரவும் வகையை நோக்குவது நெய்க்குறியாகும். அம்மரபின் எண்வகைத் தேர்வில் மூத்திரத்தோடு நோயாளியின் ‘மொழி’யும் இடம்பெற்றமை கருதத்தக்கது.

கண்ணுக்குப் புலனாகாத காரணத்தைக் காட்டியது நுணுக்குக்காட்டியே. 1885 இல் ஜேர்மன் மருத்துவர் எஷெரிச் விவரித்த குடல்வாழ் பற்றீரியாவே இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1935 இல் டொமாக் சல்பா மருந்தை அறிவித்தார். 1956 இல் அமெரிக்க ஆய்வாளர் எட்வேட் காஸ், ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் ஓர் இலட்சம் பற்றீரியாக்கள் என்னும் அளவுகோலை முன்வைத்தார். இனி நோயாளி பேசவேண்டிய தேவையில்லை என்றே தோன்றியது.

ஆயின் முதுமையில் இவ்வளவுகோல் தனித்து நிற்கவில்லை. சலப்பை முற்றாக வெறுமையாகாமை, நீரிழிவு முதலியவற்றால் முதியோர் பலரிடம் எரிவோ காய்ச்சலோ இன்றியே பற்றீரியா காணப்படும். அத்தகையோருக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டியதில்லை என அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2005 இலும் 2019 இலும் வழிகாட்டியது. வீணே உட்கொள்ளும் மருந்து பற்றீரியாவை வலுப்படுத்தும்; பின்னர் தொற்று சிறுநீரகத்தை அடையும்போது அம்மருந்தே பயனற்றுப் போகலாம்.

எனவே நோயாளியின் சொல் மீண்டும் முதன்மை பெறுகின்றது. அச்சொல்லைத் தடுப்பது நாணமே. சலம் கசியும் முதியவர் வுழூ முறியுமென அஞ்சி நீரருந்துவதைக் குறைப்பதும், எரிவை மறைப்பதும் உண்டு. தொடர்கசிவு உடையோர் ஒவ்வொரு பர்ழுத் தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மார்க்கம் அளித்த இச்சலுகையை அவருக்கு எடுத்துரைப்பதும், எரிவுண்டா, காய்ச்சலுண்டா எனப் பரிவோடு வினவுவதும் பிள்ளைகளின் கடன். சிறுநீர் கூறாத செய்தியை அவ்வினாவே வெளிக்கொணரும்.