கல்லுக்கு ஒரு பில்!

வடலூர் நாலு ரோட்டில் பஸ் ஏறினால் நெய்வேலி தாண்டி விருத்தாசலம். அங்கே விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தார் அர்த்தநாரீஸ்வரர். சோழர் காலத்துக் கல் சிற்பம். 2004-ல் அவர் இருந்த இடம்... சிட்னி! நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து, மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வாங்கியிருந்தது.

சும்மா வாங்கிவிடுவார்களா? பில் இருந்தது சார்! 1970-ல் டெல்லிக் கடை ஒன்று இதை விற்றதாக ரசீது. அதென்ன 1970? பழம்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த வருஷம்தான். நம் ஊர் தொல்பொருள் சட்டம் 1972. தேதி எவ்வளவு பழசோ, வாங்குகிறவருக்கு அவ்வளவு நிம்மதி!

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... பில்லை மட்டும் பார்த்து வவுச்சர் பாஸ் பண்ணுகிற ஆடிட்டரை நம்பவே கூடாது. சரக்கு அன்றைக்கு எந்த குடோனில் இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

சரக்கு விருத்தாசலத்தில்தான் இருந்தது! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974-ல் எடுத்த படத்தில், 'விற்று' நாலு வருஷமான சாமி அதே மாடத்தில் ஜம்மென்று நிற்கிறார். சிலைத் திருட்டை விடாமல் துரத்தும் ஆர்வலர்கள் 2013-ல் படத்தையும் சிட்னி சிலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பில் செத்தது.

உடைமை வழக்கில் கோயில் ஜெயிப்பது நமக்குப் புதிதல்ல. திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டனில் ஒரு கனடா கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தார். வழக்கு நடந்தது. வாதிகள் பட்டியலில் கோயிலின் சிவலிங்கமும் உண்டு! 1988-ல் தீர்ப்பு நம் பக்கம். 1991-ல் அப்பீலும் தள்ளுபடி.

விருத்தாசலத்துக்காரருக்கு அத்தனை அலைச்சல் இல்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்தபோது, ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இவரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்துவிட்டார்.

என் கவலை, படமே எடுக்கப்படாத சாமிகளைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்கள் கேமராவோடு எட்டிப் பார்க்காத கிராமத்துக் கோயிலில் ஒரு மாடம் காலியானால், அங்கே யார் நின்றார் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? பூசாரி சொன்னால் சிட்னியில் எடுபடுமா?

கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை விதித்தது. அது உடையார்பாளையம் கோயில் திருட்டுக்காக.