குரங்கு சொன்னதும் சுண்டெலி சொன்னதும்

எங்கள் திருத்தங்கல் பக்கம் மணமாகி இரண்டாண்டுகளில் தொட்டில் கட்டவில்லையென்றால் கேள்வி மருமகளை நோக்கியே எழும். பிள்ளை போதுமென்றாலும் அறுவைசிகிச்சை அவளுக்குத்தான். ஆண் உடலைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருவதில்லை. அதனாலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் மௌத்கல் நடத்திய நெடிய ஆய்வை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

அவர் தேர்ந்தது, கோயில் வாசலில் நம் கைத் தேங்காயைப் பறித்தோடும் அதே நாட்டுக்குரங்கை. மூளையடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என இரு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. எல்.ஹெச். விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்வது. ஆண்மையென்று நாம் மார்தட்டும் மீசையும் குரலும் அதன்பாற்பட்டவை. மௌத்கல் குழு அதைத் தொடவில்லை. செம்மறியாட்டின் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை ஊசியில் செலுத்தினார்கள். குரங்கின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, தன் சொந்த எஃப்.எஸ்.ஹெச்.சையும் சேர்த்து முடக்கிக்கொண்டது. டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, விந்தணுக்கள் வெகுவாகக் குறைந்தன, ஊசியை நிறுத்தியபின் மீண்டன. நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்று அறுவை செய்த தேசத்தில் இது சிறிய நம்பிக்கையன்று.

1997இல் மனிதரிடம் சோதித்த முடிவு வெளியானது. ஐந்து தன்னார்வலர்கள். விந்தணு எண்ணிக்கை குறைந்தது, அறவே நிற்கவில்லை. அதே ஆண்டில் வேறிரு செய்திகள். அமெரிக்காவில் டி. ராஜேந்திர குமாரும் மார்ட்டின் மட்சுக்கும் எஃப்.எஸ்.ஹெச். இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஆண் எலிகளின் விரை சிறுத்திருந்தது. ஆனாலும் அவை குட்டிகளுக்குத் தந்தையாயின. ஃபின்லாந்தில் அந்த ஹார்மோனை ஏற்கும் மரபணுவே பழுதுபட்ட ஐந்து ஆண்களைக் கண்டறிந்தனர். அவர்களிலும் இருவர் தகப்பன்மார்.

குரங்கு பொய் சொல்லிற்றா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். விந்தணுக்களை ஈனும் மூலச்செல் பிட்யூட்டரியின் குரலை நேரே கேட்பதில்லை. கேட்பது, 1865இல் இருபத்து மூன்று வயது என்ரிகோ செர்டோலி விரையில் கண்ட கிளைத்த செல். எஃப்.எஸ்.ஹெச்.சை ஏற்பது அதுவே. டெஸ்டோஸ்டிரோனின் ஆணை மூலச்செல்லை எட்டுவதும் பெரும்பாலும் அதன் வழியேதான். ஒரு குரல் ஓய்ந்தாலும் வேலை முற்றாக நிற்பதில்லை. அச்செல் ஜி.டி.என்.எஃப். எனும் புரதத்தைச் சுரந்து மூலச்செல்லிடம் பேசுகிறது. எத்தனை விதைநெல்லாக நிற்பது, எத்தனை விளைச்சலுக்குப் போவது என்ற கணக்கு அதில் பெரிதும் அடங்கியிருப்பதை 2000இல் எலிகளில் கண்டார்கள். புரதம் குறைந்தால் விதைநெல்லே தீர்கிறது. மிகுந்தால் விதைநெல் குவிகிறது, விளைச்சலில்லை.

மௌத்கலின் ஊசி கடைக்கு வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3.